எத்தனால் திட்டத்தில் உழவரின் பங்கு

கேள்வி: பெட்ரோலில் எத்தனால் கலக்கும் திட்டத்தால் விவசாயிகளின் வருமானம் உயரும் என்று கூறப்படுகிறது. அரசின் ஆதரவு விளைவிப்பவருக்கு எந்த வழியில் வந்து சேருகிறது?

பதில்: அரசின் நேரடிச் சலுகைகள் பெரும்பாலும் ஆலைகளுக்கே உரியவை. எண்ணெய் நிறுவனங்கள் வாங்கும் எத்தனாலுக்கு மூலப்பொருள் வாரியாக விலை நிர்ணயிக்கப்படுகிறது. அதன் மீதான ஜிஎஸ்டி 2018இல் 18 விழுக்காட்டிலிருந்து 5 ஆகக் குறைக்கப்பட்டது. வடிப்பாலை, அதாவது எத்தனால் காய்ச்சும் ஆலை, அமைப்பதற்கான வங்கிக் கடனுக்கு வட்டி மானியம் உண்டு. உழவருக்கு வருவது இவற்றின் வழிவரும் பயனே.

கரும்பில் அப்பயனுக்குச் சட்டப் பிடிப்பு இருக்கிறது. 1966ஆம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, வெட்டிய கரும்பு ஆலைக்கு வந்த 14 நாட்களுக்குள் பணம் தரப்பட வேண்டும். தவறினால் ஆண்டுக்கு 15 விழுக்காடு வட்டி சேரும். ஆயினும் சர்க்கரை மூட்டைகள் கிடங்கில் மாதக்கணக்கில் தேங்கும்போது நிலுவை ஏறிவிடுகிறது. எத்தனாலுக்கான பணமோ ஏறத்தாழ மூன்று வாரங்களில் ஆலைக்கு வந்துவிடுவதால், நிலுவையைத் தீர்க்க வழி பிறக்கிறது. எனவே கரும்பு விவசாயிக்குக் கிடைக்கும் முதன்மையான பயன் கூடுதல் விலையன்று, உரிய காலத்தில் பணம் கைக்கு வருவதே ஆகும்.

விலையைப் பொறுத்தவரை, மத்திய அரசு அறிவிக்கும் நியாயமான மற்றும் லாபகரமான விலை (2024-25 பருவத்தில் குவிண்டாலுக்கு 340 ரூபாய்), கரும்பிலிருந்து கிடைக்கும் சர்க்கரையின் அளவான பிழிதிறன் 10.25 விழுக்காடு என்ற அடிப்படையில் அமைந்தது. சாற்றையோ, சர்க்கரைச் சத்து மிகுந்த ‘பி’ வகைக் கழிவுப்பாகையோ எத்தனாலுக்குத் திருப்பினால் பிழிதிறன் கணக்கில் சரியும் என்பதால், அவற்றிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு 600 லிட்டர் எத்தனாலையும் ஒரு டன் சர்க்கரையாகவே கணக்கிட வேண்டும் என்று 2018இல் விதி சேர்க்கப்பட்டது. அதிகம் பேசப்படாத இந்த விதிதான் கரும்பு விவசாயியின் உண்மையான காப்பு. தம் ஆலையின் பிழிதிறன் இவ்வாறுதான் கணக்கிடப்படுகிறதா என்று கேட்டறிய விவசாயிகள் தயங்க வேண்டியதில்லை.

மக்காச்சோளத்தில் இத்தகைய காப்பு இல்லை. கரும்புச் சாற்றிலிருந்து எத்தனால் எடுப்பதற்கு 2023 டிசம்பரில் தடை விதிக்கப்பட்டு, பின்னர் அது வரம்பாகத் தளர்த்தப்பட்டபோது தேவை மக்காச்சோளத்தின் பக்கம் திரும்பியது. ஆனால் 2024-25இல் குவிண்டாலுக்கு 2,225 ரூபாய் என்றிருந்த குறைந்தபட்ச ஆதரவு விலை, வெளிச்சந்தையில் வாங்கும் தனியார் வடிப்பாலைகளைக் கட்டுப்படுத்துவதில்லை.

பிரேசில் 2004இல் கொண்டுவந்த ‘சமூக எரிபொருள் முத்திரை’ வேறு வழியைக் காட்டுகிறது. சிறு குடும்ப உழவர்களிடம் விலையை முன்கூட்டியே ஒப்பந்தமாக எழுதி, குறிப்பிட்ட பங்கு மூலப்பொருளை வாங்கி, தொழில்நுட்ப உதவியும் அளிக்கும் பயோடீசல் ஆலைகளுக்கு மட்டுமே அங்கு வரிச்சலுகை கிடைத்தது. வறண்ட வடகிழக்கின் ஆமணக்கு விவசாயிகளை மனத்தில் கொண்டு வகுக்கப்பட்ட அத்திட்டத்தில், ஆமணக்கு எண்ணெய் மிகுந்த பாகுத்தன்மை கொண்டதாகவும் வேதித்தொழிலில் கூடுதல் விலை பெறுவதாகவும் இருந்ததால், பயனில் பெரும்பங்கு தெற்கின் சோயா விவசாயிகளுக்குச் சென்றது. பயிர்த் தேர்வு தவறியதே தவிர, சலுகையை ஒப்பந்தத்தோடு பிணைத்த முறை வலுவானது; இந்தியாவில் தானிய வடிப்பாலைகளுக்குத் தரும் வட்டி மானியத்துடனும் அத்தகைய கொள்முதல் ஒப்பந்தத்தைக் கட்டாயமாக்குவது மிகவும் அவசியமாகும்.