கூடிய நிறையும் குன்றாத முயற்சியும்

உடல் நிறையைக் குறைக்க வேண்டும் என்று தீர்மானித்து, சில மாதங்கள் முயன்று, ஐந்தாறு கிலோ குறைந்த பின்னர் மீண்டும் பழைய நிறைக்கே வந்து சேர்ந்தவர்கள் ஒவ்வொரு கிராமத்திலும் உண்டு. அவர்களுட் பலர் இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் முயன்று பார்த்து, "இது எனக்குச் சரிவராது" என்று கைவிட்டவர்கள். நிறை திரும்பக் கூடியதை விட, இவ்வாறு கைவிடுவதே பெருங்கேட்டைத் தருகின்றது. கிளினிக்கிலே நிறை பார்ப்பார்களே, ஏன் கூடியது என்று கேட்பார்களே என்ற வெட்கத்தினால் அங்கு போவதையே நிறுத்திவிடுபவர்களும் இருக்கின்றார்கள். அவ்வாறு நிறுத்தும்போது குருதி அமுக்கமும் குருதியிலுள்ள சீனியின் அளவும் பார்க்கப்படாமற் போகின்றன. கண், சிறுநீரகம், பாதம் ஆகியவற்றை நீரிழிவு ஓசையின்றிப் பாதிப்பது இத்தகைய காலங்களிலேயே ஆகும்.

ஆகவே குறைந்த நிறை ஏன் திரும்புகின்றது, திரும்பிய பின் மனந்தளராமல் மறுபடி தொடங்குவது எவ்வாறு என்பவற்றை அறிந்து கொள்வது, எதை உண்பது என்பதை அறிவதைப் போலவே முக்கியமானதாகும்.

எது கூடிய நிறை?

ஒருவரது நிறையைக் கிலோகிராமில் எடுத்து, உயரத்தை மீற்றரில் அளந்து, உயரத்தை உயரத்தாற் பெருக்கி வரும் தொகையால் நிறையைப் பிரித்தால் கிடைப்பது உடற்றிணிவுச் சுட்டி எனப்படும். ஆசிய மக்களுக்கு இச்சுட்டி 23 ஐ எட்டும்போதே நோய் ஆபத்து கூடத் தொடங்குகின்றது என்றும், 27.5 இற்கு மேல் ஆபத்து அதிகம் என்றும் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004 இல் எடுத்துரைத்தது. உதாரணமாக 1.60 மீற்றர் உயரமுள்ள ஒருவருக்கு 23 என்பது ஏறத்தாழ 59 கிலோவும், 27.5 என்பது ஏறத்தாழ 70 கிலோவும் ஆகும்.

தெற்காசிய மக்களுக்கு வயிற்றின் உட்புறத்திற் கொழுப்புச் சேரும் இயல்பு கூடுதலாக உண்டு. ஆதலால் கையுங் காலும் மெலிந்திருந்தாலும் வயிறு பெருத்திருப்பின் கவனம் வேண்டும். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றருக்கும் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றருக்கும் உட்பட்டிருப்பது நன்று. தையற்காரரின் அளவு நாடா ஒன்று வீட்டில் இருந்தால் இதனை எவரும் அளந்து கொள்ளலாம்.

குறைந்த நிறை ஏன் திரும்புகின்றது?

நிறை திரும்பினால் அது வாய்க்கட்டுப்பாடு இல்லாமையின் அடையாளம் என்றே பலரும் எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று. உணவு குறையும்போது, பஞ்சம் வந்துவிட்டது என்பது போலவே உடல் நடந்து கொள்கின்றது. செலவிடும் சக்தியைக் குறைத்துக் கொள்கின்றது; பசியைக் கூட்டுகின்றது. பஞ்ச காலங்களில் மனித குலத்தைக் காப்பாற்றிய இவ்வேற்பாடே இன்று நிறை குறைக்க முயல்வோருக்குத் தடையாகின்றது.

அவுஸ்திரேலியாவில் செய்யப்பட்டு 2011 இல் வெளியான ஓர் ஆய்வு இதனைத் தெளிவாகக் காட்டியது. உடல் நிறை கூடிய 50 பேர் 10 கிழமைகள் மிகக் குறைந்த சக்தியுள்ள உணவை உண்டு, சராசரியாக 13 கிலோவுக்கு மேல் நிறை குறைந்தனர். ஒரு வருடத்தின் பின்னர் பரிசோதித்தபோதும், பசியைத் தூண்டும் ஹோர்மோன்கள் கூடியும், வயிறு நிறைந்த உணர்வைத் தரும் ஹோர்மோன்கள் குறைந்துமே காணப்பட்டன. அதாவது உணவுக் கட்டுப்பாடு முடிந்து ஒரு வருடமாகியும் அவர்களது உடல் பழைய நிறையைத் தேடிக்கொண்டிருந்தது.

அண்மைக் காலத்தில் வந்துள்ள, கிழமைக்கொரு முறை ஊசியாக ஏற்றப்படும் செமாகுளூரைட் என்னும் மருந்தும் இதற்குச் சான்றாகும். அது பசியை அடக்கி நிறையைக் குறைக்கின்றது. எனினும் மருந்தை நிறுத்தி ஒரு வருடத்தினுள், குறைந்த நிறையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டதாக 2022 இல் வெளியான ஆய்வு கூறுகின்றது. மருந்து செய்த வேலையை உடல் திருப்பிச் செய்யுமாயின், மனிதரை மட்டும் குறை கூறுவது எங்ஙனம் பொருந்தும்?

இதனால் அறிய வேண்டியது ஒன்று உண்டு. நிறை குறைத்தல் என்பது மூன்று மாத வேலையன்று. குருதி அமுக்கத்துக்கு நெடுங்காலம் மருந்து எடுப்பது போல, இதுவும் நெடுங்காலப் பராமரிப்பாகும்.

செய்த முயற்சி வீண்போவதில்லை

நிறை திரும்பிவிட்டால் பட்ட பாடெல்லாம் வீண் என்று சோர்வது இயல்பு. ஆயினும் ஆய்வுகள் வேறு விதமாகச் சொல்கின்றன. அமெரிக்காவில் நீரிழிவு வரும் நிலையில் இருந்த மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடத்தப்பட்ட பெரும் ஆய்வொன்றின் முடிவு 2002 இல் வெளியானது. அதில் ஒரு பிரிவினருக்கு இரண்டு இலக்குகள் கொடுக்கப்பட்டன. ஒன்று, உடல் நிறையில் 7 வீதம் குறைத்தல். மற்றையது, கிழமைக்கு 150 நிமிடம் விரைவாக நடத்தல் போன்ற உடற்பயிற்சி. ஏறத்தாழ மூன்று வருடத்தில் அப்பிரிவினரிடையே புதிதாக நீரிழிவு ஏற்படுவது, மருந்தற்ற வெறும் குளிசை எடுத்தவர்களைக் காட்டிலும் 58 வீதத்தாற் குறைந்தது.

80 கிலோ நிறையுள்ளவருக்கு 7 வீதம் என்பது 5.6 கிலோ மட்டுமே. இளமையில் இருந்த உடம்புக்குத் திரும்ப வேண்டியதில்லை.

இன்னும் கவனிக்க வேண்டியது அதன் பின் நடந்தது. காலம் செல்லச் செல்ல அவர்கள் குறைத்த நிறையிற் பெரும்பகுதி திரும்பிவிட்டது. ஆயினும் 10 வருடக் கணக்கை எடுத்துப் பார்த்தபோதும் அவர்களிடையே நீரிழிவு ஏற்படுவது 34 வீதம் குறைவாகவே இருந்தது. இந்தியாவில் செய்யப்பட்டு 2006 இல் வெளியான இன்னோர் ஆய்வில், நிறை பெரிதாகக் குறையாதபோதும், உணவையும் நடையையும் திருத்தியவர்களிடையே நீரிழிவு 28.5 வீதம் குறைந்தது. தராசு காட்டாத நன்மைகளும் உண்டு என்பதே இவற்றின் பொருளாகும்.

விரத காலமும் தராசும்

கந்தசஷ்டி போன்ற விரத நாட்களில் இரண்டு மூன்று கிலோ குறைந்து, பாறணை முடிந்து ஒரு கிழமையில் அது திரும்பி வருவதைக் கண்டு பலர் மனம் உடைகின்றனர். முதல் நாட்களிற் குறைவது பெரும்பாலும் கொழுப்பு அன்று. ஈரலிலும் தசைகளிலும் சேமிக்கப்பட்டுள்ள மாச்சத்தும், அதன் ஒவ்வொரு கிராமுடனும் ஏறத்தாழ மூன்று கிராம் அளவிற் சேர்ந்திருக்கும் நீருமே முதலில் வெளியேறுகின்றன. உணவு உண்டதும் அவை திரும்புகின்றன. குறைந்ததும் பெரிய வெற்றியன்று, கூடியதும் தோல்வியன்று.

அவ்வாறே திருவிழாச் சாப்பாட்டுக்கு மறுநாள் தராசில் ஒரு கிலோ கூடினால் அது பெரும்பாலும் உப்பும் நீரும் வயிற்றிலுள்ள உணவுமே ஆகும். ஒரு கிலோ கொழுப்பு உடலிற் சேர வேண்டுமானால் செலவுக்கு மேலாக ஏறத்தாழ 7,700 கலோரி உண்டிருக்க வேண்டும். ஒரு நேரச் சாப்பாட்டால் அது இயலாது.

விரதம் இறைவனை நினைந்து இருப்பது. அதனை நிறை குறைக்கும் வழியாகக் கொள்ள வேண்டியதில்லை. நீரிழிவுக்குக் குளிசையோ இன்சுலினோ எடுப்பவர்கள் வைத்தியரைக் கேளாது உணவை விட்டால், குருதியிற் சீனி திடீரெனக் குறைந்து மயக்கமுறவும் கூடும்.

தளர்வு எங்கே தொடங்குகின்றது?

ஒரு மோதகமோ இரண்டு வடையோ எவருடைய முயற்சியையும் கெடுப்பதில்லை. அதற்குப் பின் வரும் எண்ணமே கெடுக்கின்றது. "இன்றைக்குக் கெட்டது கெட்டுப்போச்சு, இனித் திங்கட்கிழமை பார்ப்பம்" என்று சொல்லும்போது, ஒரு வடை ஒரு நாளாகின்றது. ஒரு நாள் ஒரு கிழமையாகின்றது. அடுத்த திங்கட்கிழமை தைப்பொங்கலுக்குப் பிறகு என்றாகின்றது. ஒருமுறை வழுவியவர் "நான் இப்படிப்பட்டவன்தான்" என்று தம்மையே வெறுக்கத் தொடங்குவதுதான் முற்றாகக் கைவிடுவதற்குக் காரணம் என்பதை உளவியலாளர்கள் பல காலமாக எடுத்துக் காட்டி வருகின்றனர்.

இலண்டனில் 96 பேரிடம் நடத்தப்பட்ட ஓர் ஆய்வில், ஒரு புதிய செயல் பழக்கமாக மாறுவதற்குச் சராசரியாக 66 நாட்கள் எடுத்தன. சிலருக்கு 18 நாள். சிலருக்கு 254 நாள் வரையும் ஆகலாம் என்று கணிக்கப்பட்டது. இடையில் ஒரு நாள் தவறியது பழக்கம் உருவாவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை என்பதும் அதிற் கண்டறியப்பட்டது. தேர் வீதி சுற்றும்போது மூலைகளில் நிற்கின்றது. முட்டுக்கட்டை போட்டுத் திருப்பி மீண்டும் இழுக்கின்றார்கள். மூலையில் நின்றதனால் தேர் ஓடவில்லை என்று எவரும் சொல்வதில்லை.

மனந்தளராதிருக்கச் சில வழிகள்

1. அடுத்த நேர உணவிலேயே திரும்புதல். மதியம் கூடிவிட்டால் இரவு பட்டினி கிடக்க வேண்டாம். பட்டினி மறுநாள் பெரும்பசியைத் தரும். இரவு வழமையான அளவை உண்டால் போதும்.

2. செயலை இலக்காகக் கொள்ளுதல். "மாதம் மூன்று கிலோ" என்பது ஒருவரின் கையில் இல்லை. "கிழமையில் ஐந்து நாள், அரை மணி நேரம் நடப்பேன்" என்பது கையில் உள்ளது. அதுவே 150 நிமிடமாகும். நடந்த நாட்களுக்குக் கலண்டரில் ஓர் அடையாளம் இட்டு வரலாம்.

3. சிறிதாகத் தொடங்குதல். நாளொன்றுக்கு ஐந்து தேநீர், ஒவ்வொன்றுக்கும் இரண்டு தேக்கரண்டி சீனி எனில், அது ஏறத்தாழ 40 கிராம் சீனியாகும். 25 கிராமுக்குக் கீழே இருப்பது சிறந்தது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2015 ஆம் ஆண்டு ஆலோசனை. இரண்டு கிழமைக்கு ஒருமுறை அரைத் தேக்கரண்டி வீதம் குறைத்து வந்தால் நாக்கு பழகிவிடும்.

4. கோப்பையைப் பங்கிடுதல். பாதிக்கு மரக்கறியும் கீரையும், காற்பங்குக்குச் சோறு அல்லது புட்டு அல்லது இடியப்பம், மீதிக் காற்பங்குக்குப் பருப்பு, கடலை, மீன் போன்றவை என்று வைத்தால் எதையும் முற்றாக விலக்க வேண்டியதில்லை. முருங்கையிலை, வல்லாரை, பொன்னாங்காணி முதலியன வேலியிலும் வளவிலும் கிடைப்பவையே. எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி ஏறத்தாழ 120 கலோரி என்பதை நினைவில் வைத்தால் பொரியல் தானாகக் குறையும்.

5. தடையை முன்கூட்டியே எண்ணுதல். கலியாண வீடு, அந்தியேட்டி, திருவிழா, மார்கழி மழை, காய்ச்சல் ஆகியன வரத்தான் போகின்றன. "மழையென்றால் விறாந்தையில் நடப்பேன்", "பந்தியில் இரண்டாம் முறை சோறு கேட்கமாட்டேன்" என்று முன்னரே முடிவு செய்தவர் அந்நேரம் தடுமாறுவதில்லை.

6. கிழமைக்கு ஒருமுறை நிறை பார்த்தல். ஒரே நாள், ஒரே நேரம், ஒரே தராசு என்பது முறை. இரண்டு கிலோ கூடியதும் அறிந்தால் திருத்துவது இலகு. பத்துக் கிலோ கூடிய பின் கடினம். மாதமொருமுறை இடுப்பையும் அளந்து எழுதி வைக்கலாம்.

7. கிளினிக்கைத் தவறவிடாமை. நிறை கூடிய மாதமே கட்டாயம் போக வேண்டிய மாதம். தைரொயிட் சுரப்பிக் குறைபாடு, சில மருந்துகள் என்பவற்றாலும் நிறை கூடலாம். அதனை வைத்தியரே கண்டறிய முடியும். முயலாமலே நிறை குறைந்தாலும் உடனே காட்ட வேண்டும்.

வீட்டாரும் அயலாரும்

பல வீடுகளிற் சமைக்கின்ற தாய்மார் எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, மிஞ்சியதை எறிய மனமின்றித் தாமே உண்கின்றனர். "எனக்கு இது வேண்டாம்" என்று தனியாகச் சமைக்கவும் அவர்களால் இயல்வதில்லை. ஆகவே ஒருவரின் முயற்சி வீட்டாரின் முயற்சியாக வேண்டும். உலை வைக்கும்போதே ஒரு சுண்டு அரிசியைக் குறைத்து, ஒரு கறியைக் கூட்டினால் எல்லோருக்கும் நன்மை உண்டு.

ஊராரின் சொல்லும் பெரிது. நிறை குறைந்தவரைக் கண்டு "என்ன, நல்லா இளைச்சுப் போனியள், ஏதும் வருத்தமோ?" என்பதும், கூடியவரைக் கண்டு "திரும்பவும் வைச்சிட்டுது போலை" என்பதும் மனத்தை முறிக்கும். "சாப்பிடுங்கோ, இன்னும் கொஞ்சம் போடட்டே" என்று வற்புறுத்துவதும் அன்பாயினும், "போதும்" என்ற சொல்லை ஏற்றுக் கொள்வது அதனிலும் பெரிய அன்பாகும். மாறாக, விடியற்காலையிற் கோயில் வெளிவீதியில் நாலு பேர் சேர்ந்து நடந்தால், ஒருவர் வராத நாளில் மற்றவர்கள் தேடுவார்கள். தேடப்படுகின்றவர் எளிதிற் கைவிடுவதில்லை.

உடல் இறைவன் தந்த கருவி. அதனைப் பேணுவதில் ஒருவர் எத்தனை முறை தவறினார் என்பது கணக்கன்று. தவறிய பின் எத்தனை விரைவாகத் திரும்பினார் என்பதே கணக்கு. மூன்று முறை முயன்று கைவிட்டவர் மூன்று முறை கற்றவர் ஆவார். எந்த நேரத்தில் மனம் தளர்கின்றது, எந்த உணவு இழுக்கின்றது, எவருடைய துணை உதவுகின்றது என்பன புதிதாகத் தொடங்குபவருக்குத் தெரியாதவை, அவருக்குத் தெரிந்தவை. அந்த அறிவுடன் நான்காம் முறை நாளைக் காலை தொடங்குவாராக. நோயற்ற வாழ்வு யாவருக்கும் கிட்டுவதாக.