மயக்க மருந்துத் தாதி ஆகும் வழி

இடம்பெயர்ந்து வந்த தகப்பன் ஒருவர் நம்மிடம் கேட்டார்: "மகள் தாதியாக வேலை செய்கிறாள். அமெரிக்காவில் தாதிமாரே மயக்க மருந்து கொடுக்கிறார்களாம். இங்கே ஒரு வருடம் படித்தால் போகலாமாம். காணியை ஈடு வைக்கட்டா?"

அவர் கேள்விப்பட்டதில் முதற்பாதி உண்மை. நம் நாட்டில் மயக்க மருந்து கொடுப்பது வைத்தியரின் பொறுப்பு. அமெரிக்காவிலோ அது தாதியரின் பழைய தொழில். 1877இல் பென்சில்வேனியாவின் ஈரி நகரில், புனித வின்சென்ட் வைத்தியசாலையில், மேரி பெர்னார்ட் என்ற கன்னியாஸ்திரி இப்பணியை ஏற்றார். பின்னர் ரொச்செஸ்டர் நகரில் மாயோ சகோதரர்களிடம் வேலை செய்த அலிஸ் மகோ, முகமூடியில் ஈதரைத் துளித்துளியாக விட்டு, நோயாளியின் மூச்சையும் முகத்தின் நிறத்தையும் விடாமல் கவனித்தார். தாம் கொடுத்த 14,000க்கும் மேற்பட்ட மயக்கங்களைப் பற்றி 1906இல் எழுதி வெளியிட்டார். சத்திரவைத்தியரின் கண் கத்தியில் இருக்கும்; நோயாளியின் உயிரில் இன்னொருவர் கண் இருக்க வேண்டும். வேலையின் சாரம் இதுதான்.

1909இல் ஒரெகன் மாநிலத்தின் போர்ட்லண்டில் முதற் பாடசாலை தொடங்கியபோது பயிற்சி சில மாதங்களே. இன்று அப்படியல்ல. முதலில் இளமாணிப் பட்டம் வேண்டும். அடுத்து அமெரிக்கத் தாதியர் அனுமதிப்பத்திரம். அதற்கு என்கிளெக்ஸ் பரீட்சையில் சித்தியடைய வேண்டும். அதன்பின் தீவிர சிகிச்சைப் பிரிவில் குறைந்தது ஒரு வருட முழுநேர வேலை. சுவாச இயந்திரத்தோடும் இரத்த அழுத்த மருந்துகளோடும் பழகி, தானே முடிவெடுக்கப் பழகும் காலம் அது.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். அந்த ஒரு வருடம் அமெரிக்காவிலேயே, அல்லது அந்நாட்டு இராணுவ வைத்தியசாலை ஒன்றில், கழிந்திருக்க வேண்டும். கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ பத்து வருடம் செய்திருந்தாலும் அது கணக்கில் வராது. அப்படியிருக்க, இங்கே கொடுக்கும் ஒரு வருடச் சான்றிதழால் என்ன பயன்?

அதற்குப் பிறகே மயக்க மருந்துக் கல்வி. 2022 முதல் புதிதாகச் சேர்வோர் அனைவரும் கலாநிதித் தரத்திலேயே படிக்க வேண்டும். காலம் குறைந்தது மூன்று வருடம். அதற்குள் குறைந்தது 600 நோயாளிகளுக்கு மயக்கம் கொடுத்து, 2,000 மணித்தியாலங்கள் நேரடிப் பயிற்சி பெற வேண்டும். இறுதியில் தேசியப் பரீட்சை. அந்த மணித்தியாலங்களைக் குறைக்கச் சொல்ல நமக்கு மனம் வராது. ஆனால் பட்டத்தின் தரம் உயர உயரச் செலவும் உயர்ந்து, ஏழைப் பிள்ளைக்கு வாசல் ஒடுங்குகிறது என்பதையும் மறைப்பதற்கில்லை.

அந்த மகளிடம் இருப்பது டிப்ளோமா. வேலையை விடாமலே திறந்த பல்கலைக்கழகத்தில் தாதியர் பட்டத்துக்குப் படிக்கலாம். மாலையில் ஆங்கிலம் படிக்கலாம். தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றம் கேட்கலாம். அமெரிக்கா கணக்கில் எடுக்காவிட்டாலும் கை பழகும். பட்டம் கையில் வந்தபின் பரீட்சைக்குக் காசு கட்டுவதைப் பற்றி யோசிக்கலாம். காணி உறுதி இப்போதைக்குப் பெட்டியிலேயே இருக்கட்டும் என்று தகப்பனிடம் சொல்லி அனுப்பினோம்.