அலர்ஜிக்குப் பின்னால் இரண்டு செல்கள்

மழைக்காலத்தில் கொல்கத்தாவின் மெத்தையும் தலையணையும் ஈரம் கோத்துக்கொள்ளும். தூசி உண்ணிகள் பெருக இது போதும். பாலிகஞ்சில் உள்ள கல்கத்தா பல்கலைக்கழக விலங்கியல் துறையினர், ஆஸ்துமா நோயாளிகளின் வீட்டுத் தூசியில் இந்த உண்ணிகளைத் தேடி ஆராய்ந்திருக்கிறார்கள். அந்தத் தூசி உடலுக்குள் என்ன செய்கிறது என்பதில்தான் நம்மிடம் தவறான எண்ணங்கள் பல.

நம்பிக்கை: எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களுக்கே அலர்ஜி வரும்.

உண்மை: எதிர்ப்பு சக்தி குறையவில்லை, தீங்கற்ற பொருளை எதிரியாக எண்ணிவிடுகிறது. உண்ணியின் கழிவில் உள்ள புரதத்தை அடையாளம் காணும் ஒரு வகை டி செல்கள் ஐஎல்-4, ஐஎல்-13 என்ற சமிக்ஞைப் புரதங்களைச் சுரக்கின்றன. அந்தத் தூண்டுதலில் பி செல்கள் ஐஜிஇ என்ற எதிர்ப்பொருளை உருவாக்குகின்றன. அது மாஸ்ட் செல்கள் என்ற நோய் எதிர்ப்பு செல்களின் மேல் ஒட்டிக் காத்திருக்கும். மறுபடி அதே புரதம் வந்ததும் மாஸ்ட் செல் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளைக் கொட்டும். தும்மலும் அரிப்பும் தொடங்கும்.

நம்பிக்கை: மாஸ்ட் செல் டி செல்லுக்கு வெறும் ஏவலாள்.

உண்மை: 1878இல் பால் எர்லிக் தம் ஆய்வேட்டில் விவரித்த இந்த செல், டி செல்லுக்கும் கட்டளை இடுகிறது. கிருமி நுழைந்தால், சேர்த்து வைத்திருக்கும் டிஎன்எஃப் என்ற புரதத்தை உடனே வெளிவிடுகிறது. அதனால் அருகிலுள்ள நிணநீர் முடிச்சு வீங்கி, டி செல்கள் அங்கே திரள்வதை எலிகளில் கண்டிருக்கிறார்கள்.

நம்பிக்கை: மாஸ்ட் செல்லால் தொல்லை மட்டுமே.

உண்மை: தேனீ, பாம்பு நஞ்சுகளின் வீரியத்தை மாஸ்ட் செல்லின் என்சைம்கள் குறைப்பது எலிகளில் தெரியவந்திருக்கிறது. மாஸ்ட் செல் எல்லை மீறாமல் அடக்கி வைக்கவும் ஒழுங்குபடுத்தும் டி செல்கள் இருக்கின்றன.

நம்பிக்கை: அலர்ஜி மாத்திரை போட்டால் ஆஸ்துமாவும் அடங்கும்.

உண்மை: அந்த மாத்திரை ஹிஸ்டமினை மட்டுமே தடுக்கும். சில மணி நேரம் கழித்து டி செல்களும் ஈயோசினோஃபில் என்ற வெள்ளணுக்களும் மூச்சுக்குழாயில் வந்து சேர்கின்றன, அழற்சி நீடிக்கிறது. ஸ்டீராய்டு இன்ஹேலர் தணிப்பது இந்த அழற்சியைத்தான். மூச்சு சீராகிவிட்டதென்று அதை நாமாக நிறுத்தினால், இரைப்பு இல்லாத நாளிலும் அழற்சி உள்ளே வளரும். உண்ணிகளைக் குறைக்கத் தலையணை உறையை வாரந்தோறும் சுடுநீரில் துவையுங்கள். இன்ஹேலரை விடுவதா வேண்டாமா என்பதை மருத்துவர் சொல்லட்டும்.