பருவநிலை மாற்றமும் கரிசல் காட்டுப் பெண் விவசாயிகளும்

கோவில்பட்டி, விளாத்திகுளம், எட்டயபுரம் வட்டாரக் கரிசல் நிலங்களில் உளுந்து, பாசி, மக்காச்சோளம், பருத்தி ஆகியவை வடகிழக்குப் பருவமழையை நம்பி மானாவாரியாகப் பயிரிடப்படுகின்றன. மழை பொய்த்தாலும் நஷ்டம். 2023 டிசம்பரில் பெய்ததுபோல் கொட்டித் தீர்த்தாலும் நஷ்டம்.

களையெடுப்பு, அறுவடை, விதை சேமிப்பு ஆகியவை பெரும்பாலும் பெண்கள் கையில்தான் உள்ளன. ஆண்கள் வெளியூர் வேலைக்குச் சென்ற வீடுகளில் சாகுபடி முழுவதையும் பெண்களே கவனிக்கிறார்கள். ஆனால் பட்டா அவர்கள் பெயரில் இருப்பது குறைவு. பயிர்க் காப்பீடு, நிவாரணம் ஆகியவை ஆவணத்தில் உள்ள பெயருக்கே வழங்கப்படுவதால், பாடுபட்டவர் கையில் பணம் சேருவதில்லை.

பெரு நாட்டு லிமா நகரில் 2014-இல் கூடிய ஐ.நா. பருவநிலை மாநாடு, பருவநிலைத் திட்டங்களில் பெண்களுக்கும் உரிய இடம் தர ஒரு செயல்திட்டம் வகுத்தது. அதன் பலன் நம் காட்டுக்கு வர, கீழ்க்கண்டவற்றைக் கடைப்பிடிக்க வேண்டும்.

1. பாகப்பிரிவினையில் பெண்களின் பங்கை விட்டுவிடக் கூடாது. 2005 சட்டத் திருத்தப்படி, இந்துக் கூட்டுக் குடும்பச் சொத்தில் திருமணமான மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு உண்டு.

2. வாய்ப்புள்ள குடும்பங்கள் கணவன், மனைவி இருவர் பெயரிலும் கூட்டுப் பட்டா பெறலாம்.

3. பெண்கள் தம் பெயரிலேயே வங்கிக் கணக்கு தொடங்கி, அடங்கலுடன் உரிய காலத்தில் காப்பீடு செய்ய வேண்டும். ராபி உளுந்து, பாசிக்கு விவசாயி செலுத்தும் பிரீமியம் காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதமே.

4. வானிலைச் செய்தி வரும் கைப்பேசி எண், காட்டில் நிற்பவருடையதாக இருக்கட்டும்.