சைட்டும் சான்றிதழும்

அன்புள்ள மாப்பிள்ளை,

வேலையை விட்டுவிட்டு, சென்னையில் அறை எடுத்துத் தங்கி, பிஎம்பி கோச்சிங் சேரப் போகிறாய் என்று அக்கா போனில் சொன்னாள். புராஜெக்ட் மேனேஜராக வேண்டும் என்ற உன் ஆசையில் எனக்கு முழுச் சம்மதம். வேலையை விடுவதில்தான் சம்மதமில்லை.

பிஎம்பி (புராஜெக்ட் மேனேஜ்மென்ட் புரொஃபஷனல்) என்பது கல்லூரி முடித்த கையோடு எழுதுகிற பரீட்சை அல்ல. அமெரிக்காவின் புராஜெக்ட் மேனேஜ்மென்ட் இன்ஸ்டிடியூட் (பிஎம்ஐ) 1984 முதல் வழங்கும் அந்தச் சான்றிதழுக்கு, பட்டதாரியாக இருந்தால் திட்டங்களை முன்னின்று நடத்திய அனுபவம் 36 மாதம் காட்ட வேண்டும். 35 மணி நேரப் பயிற்சி அதற்கு மேல். நீ கட்டட சைட்டுக்குப் போய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. இப்போது விட்டால் அந்தக் கணக்கு அங்கேயே நின்றுவிடும். "அனுபவத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று கோச்சிங் சென்டரில் யாராவது சொன்னால் அங்கிருந்து கிளம்பி வந்துவிடு. விண்ணப்பங்களில் சிலவற்றை பிஎம்ஐ தணிக்கைக்கு எடுக்கும்; உன் வேலையை அறிந்த மேலதிகாரி உறுதி சொல்ல வேண்டியிருக்கும். பொய்யில் தொடங்குகிற தொழில் உனக்கு வேண்டாம்.

முன்னின்று நடத்துவது என்றால் மேனேஜர் நாற்காலி என்று நினைத்துக்கொள்ளாதே. உன் சைட்டில் ஒரு ஸ்லாப் போடுவதையே எடுத்துக்கொள். ஷட்டரிங் முடிய வேண்டும், கம்பி கட்டி முடிய வேண்டும், எலெக்ட்ரீஷியன் பைப் பதிக்க வேண்டும், கன்சல்டன்ட் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அதன் பிறகுதான் ரெடிமிக்ஸ் லாரி உள்ளே வரும். எலெக்ட்ரீஷியனின் ஆள் அரை நாள் வராவிட்டால் லாரியைத் தள்ளிப்போட வேண்டும், பம்ப் வாடகை வீண், மேல் மாடி வேலையும் நகர்ந்துவிடும். அந்த அரை நாளை முந்தின நாளே மோப்பம் பிடித்து, மேஸ்திரியிடமும் சப்-கான்ட்ராக்டரிடமும் பேசி ஆள் வரவழைக்கிறவன்தான் திட்டத்தை நடத்துகிறான்.

ஹிண்ட்ரன்ஸ் ரிஜிஸ்டரை உங்கள் சைட்டில் யார் எழுதுகிறார்கள் என்று விசாரி. டிராயிங் எந்தத் தேதியில் கைக்கு வந்தது, மழையால் எத்தனை நாள் வேலை நின்றது, இடத்தை ஒப்படைப்பதில் எவ்வளவு தாமதம் என்பதெல்லாம் அதில் ஏறியிருந்தால்தான் பிறகு கால நீட்டிப்பு கேட்க முடியும். எல்லோரும் அடுத்தவர் தலையில் கட்டப் பார்க்கிற வேலை அது. நீ கேட்டு வாங்கிக்கொள். ஒரு வருஷம் எழுதிப் பார்த்தால், தாமதம் எங்கே பிறக்கிறது, அதன் செலவு கடைசியில் யார் தலையில் விடிகிறது என்று புரிந்துவிடும். எந்த வகுப்பிலும் இது இவ்வளவு தெளிவாகக் கிடைக்காது.

"பேப்பரை வைத்தா பில்டிங் கட்டுகிறோம்?" என்று பேசுகிற சீனியர்கள் உன் சைட்டிலும் இருப்பார்கள். அந்தப் பேச்சையும் நான் ஏற்கமாட்டேன். வேலை முழுக்கத் தெரிந்தும், ஷெட்யூல் ஏன் சறுக்கியது என்று கிளையன்ட் முன் நின்று எடுத்துச் சொல்ல முடியாமல் பின்தங்கிப்போன நல்ல மனிதர்களை எனக்குத் தெரியும். வளைகுடா வேலை விளம்பரங்களில் பலவற்றில் பிஎம்பி கேட்கிறார்கள். பிஎம்பியில் படிக்கிற பாடமும் வானத்திலிருந்து விழுந்ததல்ல. நீ செமஸ்டருக்கு மனப்பாடம் செய்த கிரிட்டிகல் பாத் முறை, 1957 வாக்கில் ட்யூபான்ட் நிறுவனம் தன் ரசாயன ஆலைகளைக் கட்டும் வேலையைத் திட்டமிட வழி தேடியபோது உருவானது. சைட்டில் பட்டவன் அதைப் படித்தால், தான் பார்த்தவை வரிசையாக எழுந்து நிற்கும்.

இப்போதே எதையாவது எழுதியாக வேண்டும் என்றால் பிஎம்ஐயின் தொடக்கநிலைச் சான்றிதழான சிஏபிஎம் இருக்கிறது. அதற்கு அனுபவம் கேட்பதில்லை, 23 மணி நேரப் பயிற்சி போதும். ஆனால் உன் நிலையில் நான் அந்தப் பணத்தை பிரைமவேரா மென்பொருளைக் கற்கத்தான் செலவிடுவேன். சைட் பிளானிங்கில் அது நாளைக்கே கைகொடுக்கும்.

இன்றைக்கே ஒரு நோட்டுப் போடு. எந்த வேலை, எந்த மாதத்திலிருந்து எந்த மாதம்வரை, அதில் நீ எடுத்த முடிவு என்ன, உனக்கு மேலே இருந்தவர் யார், அவர் போன் நம்பர் என்ன என்று மாதம் ஒரு பக்கம் எழுது. இந்தத் தொழிலில் மேலதிகாரிகள் கம்பெனி மாறிக்கொண்டே இருப்பார்கள். விண்ணப்பம் நிரப்பும் நாளில் தேடினால் கிடைக்கமாட்டார்கள். நான்காவது வருஷம் பிஎம்பி எழுது. பரீட்சைக் கட்டணம் என் பொறுப்பு.

கோச்சிங்குக்குக் கட்டிய முன்பணம் திரும்பி வராவிட்டால் போகட்டும். அக்காவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
மாமா