அப்பாயியின் பங்கை விட்டுவிட்டுக் கணக்குப் போடாதீர்கள்

கேள்வி: எங்கள் ஊர் அரியலூரை அடுத்த கல்லங்குறிச்சி. அப்பா 1974இல் கிரயம் வாங்கிய 4 ஏக்கர் புன்செய் நிலத்தை 1990களின் கடைசியில் ஒரு தொழில் திட்டத்துக்காக அரசு எடுத்துக்கொண்டது. கொடுத்த தொகை போதாது என்று அப்பா வழக்குப் போட்டார். 2011இல் அவர் இறந்த பிறகு நான்தான் நடத்தினேன். இப்போது கூடுதல் இழப்பீடு, வட்டி எல்லாம் சேர்த்து ரூ.48 லட்சம் நீதிமன்றத்தில் கட்டப்பட்டிருக்கிறது. இவ்வளவு வரும் என்று நாங்கள் யாரும் நினைக்கவில்லை. அம்மா, நான், தம்பி, கட்டிக்கொடுத்த அக்கா, தங்கை. அப்பாயி 2013இல் காலமானார். அப்பாவோடு பிறந்தது ஒரே ஒரு அத்தை. அரியலூரில் மனை வாங்கலாம் என்பது என் எண்ணம். டிப்பர் லாரி வாங்கலாம் என்கிறான் தம்பி. அக்காவுக்கு 1986இலும் தங்கைக்கு 1994இலும் நகை, சீர் எல்லாம் செய்து அனுப்பிவிட்டோம். அவர்களிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கினால் போதுமா? பணத்தை எதில் போடுவது?
— வாசகர், கல்லங்குறிச்சி

பதில்: மனையா லாரியா என்று முடிவு செய்யும் முன் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. அந்த 48 லட்சத்தில் உங்கள் பங்கு எவ்வளவு? நீங்கள் எழுதியிருக்கும் விவரப்படி 9 லட்சம். தம்பிக்கும் அதே 9 லட்சம். மீதி 30 லட்சத்தை எதில் போடுவது என்று தீர்மானிக்க உங்கள் இருவருக்கும் உரிமை கிடையாது. இதைக் கடுமையாகச் சொல்வதாக நினைக்க வேண்டாம். எதிர்பாராமல் பெரிய தொகை வரும் குடும்பங்களில் சண்டை பெரும்பாலும் முதலீடு தவறிப்போனதால் வருவதில்லை. யாருடைய பணம் என்று பிரித்து எழுதாமலே முதலீடு செய்ததால் வருகிறது. அதனால் என் ஆலோசனை ஒன்றுதான்: முதலில் நீதிமன்றத்திலேயே அவரவர் பெயரில் பிரித்து வாங்குங்கள், பிறகு எல்லோரும் உட்கார்ந்து பேசுங்கள். இந்த வரிசை மாறக்கூடாது.

தொகை இவ்வளவு பெரிதானது எப்படி என்று பார்த்தாலே இதற்கான காரணம் புரியும். 1894ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டப்படி ஏக்கருக்கு 1 லட்சம் கூடுதலாக நிர்ணயிக்கப்பட்டதாக வைத்துக்கொள்வோம். அதன்மேல் ஆறுதல் தொகை 30 சதவீதம், அதாவது 30,000. அறிவிக்கையிலிருந்து தீர்வம் வரை 2 ஆண்டு ஆகியிருந்தால், ஆண்டுக்கு 12 சதவீத வீதம் இன்னொரு 24,000. ஆக 1,54,000. இதற்கு நிலத்தை எடுத்துக்கொண்ட முதல் ஆண்டுக்கு 9 சதவீதமும் அடுத்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 சதவீதமும் வட்டி. 25 ஆண்டு இழுத்த வழக்கில் வட்டி மட்டும் 5,68,260. ஏக்கருக்கு 1 லட்சமாக இருந்தது 7,22,260 ஆகிவிடுகிறது. ஆக, உங்கள் தொகையில் முக்கால் பங்குக்கு மேல் காலதாமதத்தின் வட்டி. அந்தக் காலதாமதம்தான் வாரிசுகளையும் பெருக்கியிருக்கிறது. உங்கள் மாவட்டத்திலேயே ஜெயங்கொண்டம் பழுப்பு நிலக்கரி மின் திட்டத்துக்காக 1990களில் எடுத்த நிலங்களை, கால் நூற்றாண்டு கழித்துத் திட்டத்தைக் கைவிட்டு, உரியவர்களிடமே திருப்பித்தர அரசு முடிவு செய்தது. நிலத்தைப் பறிகொடுத்தவர் ஒரு தலைமுறை, அது திரும்ப வரும்போது கை நீட்டி வாங்குபவர் அடுத்த தலைமுறை. சுண்ணாம்புக்கல்லுக்கும் ஆலைகளுக்கும் நிலம் போன அரியலூர் வட்டாரத்தில் இந்தக் கேள்வி உங்கள் வீட்டோடு நிற்கப் போவதில்லை.

இனி கணக்கு. அப்பா தன் பணத்தில் கிரயம் வாங்கிய நிலம் என்பதால் அது அவருடைய தனிச்சொத்து. உயில் எழுதாமல் 2011இல் அவர் இறந்த அன்றே, அந்த வழக்கில் வரவேண்டிய தொகை மீதான உரிமை இந்து வாரிசுரிமைச் சட்டத்தின்படி முதல் வகுப்பு வாரிசுகளுக்குச் சமமாகப் போய்விட்டது. அந்த வாரிசுகள் யார்? மனைவி, மகன்கள், மகள்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். பெற்ற தாயை மறந்துவிடுவார்கள். மகன் இறக்கும்போது தாய் உயிரோடு இருந்தால் அவரும் முதல் வகுப்பு வாரிசு. அவருக்கும் ஒரு முழுப்பங்கு. உங்கள் அப்பாயி 2013 வரை இருந்தார். ஆகவே பங்குகள் ஐந்தல்ல, ஆறு. பங்குக்கு 8 லட்சம். அப்பாயியின் 8 லட்சம் அவர் காலத்துக்குப் பின் அவருடைய பிள்ளைகளுக்குப் போகும்: அத்தைக்குப் பாதி, முன்னதாக இறந்துவிட்ட உங்கள் அப்பாவின் இடத்தில் நீங்கள் நான்கு பேருக்கும் பாதி. இந்தப் பாதியில் உங்கள் அம்மாவுக்குப் பங்கில்லை, ஏனென்றால் மாமியாரின் சொத்தில் இறந்துபோன மகனின் மனைவியைச் சட்டம் அந்த வரிசையில் சேர்க்கவில்லை. முடிவாக, அம்மாவுக்கு 8 லட்சம், பிள்ளைகள் நால்வருக்கும் தலா 9 லட்சம், அத்தைக்கு 4 லட்சம். தாசில்தார் கொடுத்த வாரிசுச் சான்றிதழில் அப்பாயி பெயர் விட்டுப்போயிருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. அந்தச் சான்றிதழ் யாருக்கும் உரிமையைக் கொடுப்பதுமில்லை, பறிப்பதுமில்லை.

அக்காவுக்கு 1986இலேயே திருமணமாகிவிட்டதே என்று நீங்கள் குறிப்பிட்டிருப்பதன் காரணம் புரிகிறது. 1989 மார்ச் 25 அன்று நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டுத் திருத்தம், அதற்கு முன் மணமான மகள்களை விலக்கியது உண்மை. ஆனால் அது பூர்விகக் கூட்டுக்குடும்பச் சொத்தைப் பற்றியது. அங்கேயும் 2005ஆம் ஆண்டின் மத்தியத் திருத்தமும், 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பும் மகளை மகனுக்கு இணையாக நிறுத்திவிட்டன. தகப்பனின் தனிச்சொத்தைப் பொறுத்தவரை 1956 ஜூன் 17 முதலே மகளுக்கும் மகனுக்கும் வித்தியாசம் கிடையாது. திருமணத் தேதிக்கு அங்கே வேலையே இல்லை. 2022 ஜனவரியில் அருணாச்சல கவுண்டர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் பின்னால் போனது. 1956க்கு முன்பே இறந்த ஒருவரின் சுயசம்பாத்தியம்கூட, ஆண் வாரிசு இல்லாதபோது, பங்காளிகளுக்குப் போகாமல் மகளுக்கே சேரும் என்றது. தமிழ்நாட்டுக் குடும்பம் ஒன்றின் வழக்குதான் அது. பெண்ணுக்குப் பங்கு என்பது நேற்று வந்த சலுகை என்று இன்னும் நம்பிக்கொண்டிருப்பது சரியல்ல.

நகையும் சீரும் செய்தோமே என்ற வாதம் மனதளவில் நியாயமாகப் படலாம். சட்டத்தில் அதைக் கழிக்க இடமில்லை. மகளுக்கு அன்பளிப்பாகக் கொடுத்தது அவளுடைய சீதனம். மாப்பிள்ளை வீட்டார் கேட்டுக் கொடுத்தது என்றால் அது 1961ஆம் ஆண்டு வரதட்சணைத் தடைச் சட்டப்படி கொடுத்தவருக்கும் குற்றம். இரண்டில் எதுவானாலும் பங்குக் கணக்கில் வராது. உங்கள் படிப்புக்கும் தம்பியின் கல்யாணத்துக்கும் அப்பா செய்த செலவை யாரும் உங்கள் பங்கில் கழிக்கவில்லையே.

உங்கள் தரப்பில் வலுவான நியாயம் ஒன்று உண்டு. இத்தனை ஆண்டும் வழக்குக்கு அலைந்தவர் நீங்கள். வக்கீல் கட்டணம், நீதிமன்றக் கட்டணம், நகல் செலவு, போக்குவரத்து ஆகியவற்றை எழுதி, கையிலிருக்கும் ரசீதுகளோடு எல்லோர் முன்னும் வையுங்கள். அது மொத்தத்திலிருந்து முதலில் உங்களுக்கு வரவேண்டும் என்று கேட்பது முற்றிலும் முறையானது. கூடப் பிறந்தவர்கள் அதை மறுக்கக்கூடாது. ஆனால் வழக்கை நடத்தியதால் தொகை உங்களுடையதாகிவிடாது. இழப்பீட்டை யார் வாங்கினாலும், சட்டப்படி உரியவருக்கு அதைக் கொடுக்கும் பொறுப்பிலிருந்து அவர் தப்ப முடியாது என்று 1894 சட்டத்தின் 31ஆம் பிரிவே சொல்கிறது. உங்கள் ஒருவர் பெயரில் மொத்தத்தையும் எடுத்துவிட்டால், நாளை தங்கையின் வழக்கில் நீங்கள் பிரதிவாதி.

விடுதலைப் பத்திரம் சட்டவிரோதமல்ல. தன் பங்கை விட்டுக்கொடுக்க யாருக்கும் உரிமை உண்டு. ஆனால் தொகை எவ்வளவு, தன் பங்கு எவ்வளவு என்று தெரிந்து, யோசித்து, விருப்பத்தோடு விடுவதுதான் விடுதலை. ‘ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போம்மா’ என்று சொல்லி வாங்கிய பத்திரத்தை, உண்மையை மறைத்தார்கள், நெருக்கினார்கள் என்று சொல்லி ரத்து செய்யக் கேட்க முடியும். 9 லட்சத்தைத் தங்கையின் வங்கிக் கணக்கில் வரவு வைத்துவிடுங்கள். அதற்குப் பிறகு அவர் அதிலிருந்து அண்ணனுக்குக் கொடுக்க விரும்பினால் கொடுக்கட்டும். உடன்பிறந்தவர் தரும் அன்பளிப்புக்கு வரியும் கிடையாது. கொடுக்கவில்லையென்றால் அந்தப் பத்திரத்தில் அவர் விரும்பிக் கையெழுத்திட்டிருக்கப் போவதில்லை என்பது தெளிவு.

பிரித்தால் வரியும் குறைகிறது. நகராட்சி எல்லையிலிருந்து குறிப்பிட்ட தூரத்துக்கு அப்பாலுள்ள கிராமப்புற விவசாய நிலம் வருமான வரிச் சட்டத்தில் மூலதனச் சொத்தே அல்ல. அரியலூர் போன்ற 1 லட்சத்துக்குக் குறைந்த மக்கள்தொகை உள்ள ஊருக்கு அந்தத் தூரம் 2 கிலோமீட்டர். ஆகவே இழப்பீட்டுக்கு வரி வராது. வட்டிப் பகுதியை வருமானமாக எடுத்துக்கொண்டு, பாதியைக் கழித்து, மீதிக்கு வரி கேட்கிறார்கள். 48 லட்சத்தில் வட்டி ஏறத்தாழ 37.8 லட்சம் என்றால், ஒருவர் பான் எண்ணில் மட்டும் காட்டும்போது சுமார் 18.9 லட்சம் அவருடைய வருமானம். பிரித்து வாங்கினால் உங்கள் நால்வர் கணக்கிலும் தலா மூன்றரை லட்சம் சுற்றி. வேறு வருமானம் இல்லாதவருக்குப் புதிய முறையின் 4 லட்ச வரம்புக்குள் அடங்கிவிடும். அத்தை விஷயத்தில் ஒரு எச்சரிக்கை: அவருக்கு வருவதை அன்பளிப்பு என்று எழுதாதீர்கள். அத்தை மருமகனுக்குக் கொடுத்தால் வரியில்லை. மருமகன் அத்தைக்கு 50,000க்கு மேல் கொடுத்தால் அவருக்கு வரி உண்டு. வாரிசுப் பங்கு என்றே எழுதுங்கள்.

பிரித்தால் மனை வாங்க முடியாதே என்பீர்கள். முடியும். விருப்பமுள்ளவர்கள் பணம் சேர்த்து வாங்கலாம். யார் எவ்வளவு போட்டார் என்பதைக் கிரயப் பத்திரத்திலேயே எழுதி, எல்லோர் பெயரிலும் பதிவு செய்ய வேண்டும். அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவா என்று பாருங்கள், வில்லங்கச் சான்றைக் குறைந்தது 30 ஆண்டுக்குப் போட்டுப் பாருங்கள், முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்ந்து 9 சதவீதம் ஆவதையும் கணக்கில் வையுங்கள். லாரி தம்பியின் தொழில். தன் 9 லட்சத்தில் அவர் துணிந்து இறங்கட்டும், அம்மாவின் 8 லட்சம் அதில் போகக்கூடாது. மாதம் 25, 30 சதவீதம் வட்டி என்று யாராவது வந்தால் ஆருத்ரா நிறுவன வழக்கை நினைவில் வையுங்கள். ஏறத்தாழ 1 லட்சம் பேரிடம் 2,438 கோடி வாங்கியதாகப் பொருளாதாரக் குற்றப்பிரிவு சொல்லும் வழக்கு அது. வங்கி வைப்புக்கும் காப்பீடு ஒருவருக்கு ஒரு வங்கியில் 5 லட்சம் வரைதான், ஆகவே இரண்டு வங்கியாகப் பிரியுங்கள். அம்மாவின் 8 லட்சத்தை அஞ்சலகத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டால், இப்போதைய 8.2 சதவீதத்தில் 3 மாதத்துக்கு ஒருமுறை 16,400 ரூபாய் அவர் கைக்கு வரும். மருந்துக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் மகன்களிடம் கேட்டு நிற்க வேண்டியதில்லை.

அடுத்த வாய்தாவுக்கு முன் உங்கள் வக்கீலிடம் இவ்வளவு சொல்லுங்கள்: எல்.ஏ.ஓ.பி. என்னும் நில எடுப்பு இழப்பீட்டு வழக்கில் அம்மா, தம்பி, அக்கா, தங்கை ஆகியோர் வாரிசுதாரர்களாகச் சேர்க்கப்பட்டிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் அவர்களையும், அப்பாயியின் இறப்புச் சான்றோடு அத்தையையும் சேர்க்க மனுப் போட வேண்டும். செலவுத் தொகை பற்றி எல்லோரும் கையெழுத்திட்ட குறிப்பைத் தாக்கல் செய்து, மீதியை ஆறு பேர் பெயரில் தனித்தனியாக வழங்கக் கேட்க வேண்டும். ஆளுக்கொரு வங்கிப் புத்தக நகல், ஆதார், பான் அட்டை தேவைப்படும். அத்தையிடம் பான் அட்டை இல்லையென்றால் இப்போதே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். அது இல்லாமல் போனால் வட்டியில் 20 சதவீதம் பிடித்தம் போய்விடும்.