சாவி இல்லாத எஞ்சினை நிறுத்துவது எப்படி?

(ஆட்டோமொபைல் பிரிவு, இரண்டாம் ஆண்டு மாணவன்)



எஞ்சினை ஸ்டார்ட் பண்ணுவதைப் பற்றி நம் பாடப் புத்தகத்தில் பக்கம் பக்கமாக இருக்கிறது. நிறுத்துவதைப் பற்றி எத்தனை வரி இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். சாவியைத் திருப்பினால் நின்றுவிடப் போகிறது, இதற்கு என்ன பாடம் வேண்டிக் கிடக்கிறது என்று நானும் நினைத்தவன்தான். போன வருஷம் நடந்த ஒரு சம்பவத்துக்குப் பிறகு அப்படி நினைப்பதில்லை.

நம் ஒர்க்‌ஷாப் ஷெட்டில் ஒரு ரேடியோ கன்ட்ரோல் கார் இருப்பது பலருக்குத் தெரியும். வெளிநாட்டில் வேலை பார்க்கும் பழைய மாணவர் ஒருவர் கொடுத்துவிட்டுப் போனது. நிஜக் காரில் எட்டில் ஒரு பங்கு அளவு. பார்த்தால் பொம்மை. ஆனால் உள்ளே இருப்பது 3.5 சி.சி. டூ ஸ்ட்ரோக் எஞ்சின்! நிமிஷத்துக்கு 30,000 சுற்றுக்கு மேல் போகும். இதைத்தான் நைட்ரோ எஞ்சின் என்கிறார்கள்.

இதில் காயிலும் இல்லை, மேக்னெட்டோவும் இல்லை, ஸ்பார்க்கும் இல்லை. ஸ்பார்க் பிளக் இருக்க வேண்டிய இடத்தில் குளோ பிளக் இருக்கிறது. அதற்குள் பிளாட்டினம் கலந்த மெல்லிய கம்பிச் சுருள். ஸ்டார்ட் பண்ணும்போது மட்டும் 1.5 வோல்ட் பேட்டரியை வைத்து அந்தக் கம்பியைச் சிவக்க வைக்கிறோம். எஞ்சின் பிடித்துக்கொண்டதும் பேட்டரியை எடுத்துவிடலாம். அதன் பிறகு ஒவ்வொரு சுற்றிலும் எரிகிற சூடும், மெத்தனால் ஆவி பிளாட்டினத்தின் மேல் படும்போது நடக்கும் ரசாயன வினையும் சேர்ந்து கம்பியை அணையவிடாமல் வைத்திருக்கின்றன. மாடல் விமானங்களில் காயில், பேட்டரி எடையைக் குறைக்க வழி தேடிய காலத்தில், 1947-ல், அமெரிக்காவைச் சேர்ந்த ரே ஆர்டன் என்பவர் இந்தப் பிளக்கை விற்பனைக்குக் கொண்டுவந்தார். எடை குறைந்தது. கூடவே ஒன்று போய்விட்டது. அணைப்பதற்கு சுவிட்சு!

எரிபொருளும் சாதாரணமானதல்ல. மெத்தனால், நைட்ரோமீத்தேன், மசகு எண்ணெய் மூன்றும் கலந்தது. ஒரு கிலோ பெட்ரோல் சரியாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். மெத்தனாலுக்கு ஏறத்தாழ 6.4 கிலோ போதும். நைட்ரோமீத்தேனுக்கு 1.7 கிலோதான்! அதன் மூலக்கூறிலேயே ஆக்சிஜன் இருக்கிறது. அதனால்தான் இவ்வளவு சின்ன எஞ்சினுக்கு அவ்வளவு வேகம்.

சரி, சம்பவத்துக்கு வருகிறேன்.

துறைக் கண்காட்சிக்காக ஒரு மாலை அந்தக் காரை ஓட்டிப் பழகிக்கொண்டிருந்தோம். ரிமோட் என் கையில். ஐட்லிங் ரொம்ப ஏறியிருந்தது. கிளட்ச் பிடித்துச் சக்கரம் சுற்றுகிறது, ட்ரிக்கரை விட்டாலும் சத்தம் குறையவில்லை. எனக்குக் கை நடுங்கிவிட்டது. ரிமோட்டை அணைத்தால் கார் நின்றுவிடும் என்று நினைத்து, டிரான்ஸ்மிட்டர் சுவிட்சை ஆஃப் பண்ணினேன். அதைவிடப் பெரிய தப்பு வேறு இல்லை. அது 27 மெகாஹெர்ட்ஸ் பழைய ரேடியோ. டிரான்ஸ்மிட்டர் அணைந்தாலும் காரில் இருக்கும் ரிசீவர் விழித்துக்கொண்டுதான் இருக்கிறது. நம் சிக்னல் இல்லாதபோது காற்றில் வரும் இரைச்சலையே கட்டளை என்று எடுத்துக்கொள்கிறது. சர்வோ ஒரு உதறு உதறித் த்ராட்டிலை முழுசாகத் திறந்துவிட்டது. கார் பாய்ந்து என் நண்பனின் கணுக்காலில் அடித்து, பெஞ்சுக் காலில் மோதிக் கவிழ்ந்தது. கவிழ்ந்தும் நிற்கவில்லை. நாலு சக்கரமும் மேலே சுற்ற, கூப்பாடு போட்டுக்கொண்டே இருந்தது. ஒர்க்‌ஷாப் சார் ஓடி வந்து, மடித்த துணியால் சைலன்சர் வாயை அடைத்தார். அப்புறம்தான் மூச்சு வந்தது, எஞ்சினுக்கு அல்ல, எங்களுக்கு.

நண்பன் பத்து நாள் நொண்டினான். ரேடியோ கோளாறு என்று ரிஜிஸ்டரில் எழுதினார்கள். நான் பக்கத்திலேயே நின்றேன். வாயைத் திறக்கவில்லை. எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டியவன் நான் ஒருத்தன்தான். புராஜெக்ட்டில் இருந்து எடுத்துவிடுவார்களோ, வீட்டுக்கு லெட்டர் போடுவார்களோ என்று பயம். அதற்காக நான் செய்தது சரி என்று சொல்ல வரவில்லை.

முதலில் சொன்னது அப்பாவிடம்தான். அப்பா எங்கள் பக்கத்தில் ஆயில் எஞ்சின் வைத்துக் கிணறுகளுக்குத் தண்ணீர் இறைத்துக் கொடுப்பவர். ரேடியோ, சர்வோ எல்லாம் அவருக்குத் தெரியாது. முழுசாகக் கேட்டுவிட்டு, “மாடு ஓடிக்கிட்டிருக்கும்போது மூக்கணாங்கயித்த விடுவாங்களாடா?” என்றார். அவ்வளவுதான் கேட்டார். நாலு மேனுவல் படித்தும் எனக்கு உறைக்காதது அதில் உறைத்தது.

அப்போதுதான் பழைய ஞாபகம் ஒன்றும் வந்தது. நான் ஆறாவது படிக்கும்போது அந்த ஆயில் எஞ்சினில் கவர்னர் கம்பி சிக்கிக்கொண்டது. டீசலிலும் ஸ்பார்க் இல்லை அல்லவா? வேகம் ஏறிக்கொண்டே போக, எல்லோரும் விலகி ஓடினார்கள். அப்பா ஈரச் சாக்கை நாலாக மடித்து ஏர் கிளீனர் வாயில் அமுக்கினார். ரெண்டு இருமல் இருமி நின்றுவிட்டது. “மூச்சு இல்லாட்டி அது என்னடா பண்ணும்?” வெறும் கையை வைத்திருந்தால் கை என்ன ஆகியிருக்கும் என்பதை இப்போது நினைத்தாலும் உடம்பு சிலிர்க்கிறது.

நைட்ரோ எஞ்சினுக்கும் இதே கதைதான். நெருப்பை நம்மால் அணைக்க முடியாது. அது உண்பதையோ மூச்சையோதான் நிறுத்த முடியும். பேட்டரியைப் பிடுங்குவதால் பயன் இல்லை, அதைத்தான் முதலிலேயே எடுத்துவிட்டோமே!

எந்த முறையானாலும் முதலில் வேகத்தைக் குறைத்து ஐட்லிங்குக்குக் கொண்டுவாருங்கள். சக்கரங்கள் தரையில் படாதபடி காரை ஒரு கட்டையின் மேல் வையுங்கள். சில வினாடி அப்படியே ஓடட்டும், சூடு கொஞ்சம் இறங்கும்.

பிறகு, டேங்கில் இருந்து கார்புரேட்டருக்குப் போகும் சிலிக்கான் ட்யூபை விரலால் நசுக்கிப் பிடிக்கலாம். இதில் ஒரு சூட்சுமம். நசுக்கியவுடன் எஞ்சின் நிற்காது. எரிபொருள் குறைந்து கலவை மெலிவதால் ஒன்றிரண்டு வினாடி வேகம் கூடும்! புதுசாகச் செய்பவர்கள் அந்தச் சத்தத்துக்குப் பயந்து விட்டுவிடுகிறார்கள். விடக்கூடாது. ஆனால் எஞ்சின் முழு வேகத்தில் இருக்கும்போது இதைச் செய்யாதீர்கள். டூ ஸ்ட்ரோக்கில் எண்ணெயும் அந்த ட்யூப் வழியாகத்தானே வருகிறது? எரிபொருளை நிறுத்தினால் எண்ணெயும் நின்றது என்று அர்த்தம். கலவை மெலிந்து சூடும் ஏறி, எண்ணெயும் இல்லாவிட்டால் பிஸ்டன் கதி என்ன ஆகும்?

அடுத்தது சார் செய்த முறை. சைலன்சர் வாயை உலர்ந்த தடித்த துணியாலோ ரப்பர் அடைப்பாலோ மூடுவது. எரிந்த புகை வெளியே போகாவிட்டால் புதுக் கலவை உள்ளே வர முடியாது, எஞ்சின் திணறி நின்றுவிடும். கலவை மெலிவதும் இல்லை. வேகம் கட்டுக்கு மீறிவிட்டால் நான் இதைத்தான் நம்புவேன். வெறும் விரல் கூடாது. ஹெட் 100 டிகிரி செல்சியஸைத் தாண்டிய சூட்டில் இருக்கும், சைலன்சரும் தோலை உரித்துவிடும்.

ஃப்ளைவீலை அடியில் இருந்து ஸ்க்ரூ டிரைவர் பிடியால் அழுத்தி நிறுத்துகிறவர்களும் உண்டு. நம் ஷெட்டில் அதற்கு அனுமதி இல்லை, எனக்கும் அது பிடிக்கவில்லை. பிடி நழுவினால் விரல் உள்ளே.

எஞ்சின் நின்ற பிறகு காரின் ரிசீவர் சுவிட்சு. அதற்கும் பிறகுதான் ரிமோட். ஸ்டார்ட் பண்ணும்போது நேர்மாறாக, ரிமோட் முதலில். நான் தலைகீழாகச் செய்ததுதான் நண்பனின் கணுக்கால். இப்போது வரும் 2.4 கிகாஹெர்ட்ஸ் செட்களில் சிக்னல் போனால் சர்வோ எங்கே போக வேண்டும் என்று முன்கூட்டியே அமைக்கலாம். அமைத்தோம் என்று நம்பிவிடாதீர்கள். எஞ்சின் ஓடாதபோது ரிமோட்டை அணைத்து, சர்வோ த்ராட்டிலை மூடுகிறதா என்று கண்ணால் பாருங்கள். ரிசீவர் பேட்டரி தீர்ந்துபோனால் அந்த ஏற்பாடும் வேலை செய்யாது. அதற்காக கார்புரேட்டரில் ஒரு சின்ன ஸ்பிரிங், த்ராட்டிலை மூடும் பக்கம் இழுத்தபடி இருக்க வேண்டும். நம் காரில் அது இல்லை. இப்போது மாட்டியிருக்கிறோம்.

பகல் வெளிச்சத்தில் மெத்தனால் தீ கண்ணுக்குத் தெரியாது. எரிவது தெரியாமலே கையை வைத்துவிடுவோம். நல்லவேளை, அது தண்ணீரில் கரையும், ஒரு வாளித் தண்ணீர் பக்கத்தில் இருக்கட்டும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேல் உயிரைக் குடித்த சாராயத்தில் கலந்திருந்ததும் இந்த மெத்தனால்தான். தோல் வழியாகவும் உடம்பில் ஏறும். வாயால் உறிஞ்சி ட்யூபை நிரப்பும் பழக்கம் உள்ளவர்கள் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

போன மாதம் சாரிடமும் நண்பனிடமும் உண்மையைச் சொல்லிவிட்டேன். சார் ரிஜிஸ்டரைத் திருத்தினார். நண்பன் ரெண்டு நாள் பேசவில்லை. மூணாம் நாள், “இதை மலர்ல எழுதுடா, அடுத்த பேட்ச் பசங்க காலாவது தப்பட்டும்” என்றான். அதனால்தான் எழுதுகிறேன்.

ஓட்டி முடித்ததும் டேங்கைக் காலி பண்ணுங்கள். ட்யூபில் மிச்சம் இருப்பதையும் ஓட்டித் தீர்த்துவிடுங்கள். மெத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும், நைட்ரோ எரிந்த மிச்சம் அமிலமாகும், ரெண்டும் சேர்ந்து பேரிங்கைத் துருவாக்கிவிடும். பிளக் துளையில் சில சொட்டு எண்ணெய் விட்டுச் சுற்றுங்கள். கடைசியாக பிஸ்டனைக் கீழே இறக்கி வையுங்கள். இந்த ஸ்லீவ் மேல்பக்கம் குறுகலானது. பிஸ்டன் மேலே இருக்கும்போது ஆறினால் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். பிஸ்டன் எங்கே இருக்கிறது என்று வெளியில் இருந்து தெரியாததால், என் தங்கச்சியின் நகப்பாலிஷை வாங்கி ஃப்ளைவீலில் ஒரு சிவப்புப் பொட்டு வைத்திருக்கிறேன். பொட்டு மேலே இருந்தால் பிஸ்டன் கீழே. ஷெட்டைப் பூட்டுவதற்கு முன் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.